மரத்தின் உறக்கமும் அன்னையின் விழிப்பும்

“தாத்தா, மரம் தூங்குமா?”

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில் நம் பேரன் இவ்வாறு கேட்டான். சிங்கப்பூரில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கீழே, சாலையோரத்தில், நான்கு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. பகலெல்லாம் பந்தலிட்டாற்போல் நிழல் விரித்திருந்த அவை, அந்நேரத்தில் தம் சிற்றிலைகளை இரண்டிரண்டாகக் கூப்பிக்கொண்டு, கிளைகளினிடையே வானம் தெரிய நின்றன. மலாய்க்காரர் இம்மரத்தைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம், என்று அழைப்பர். நம்மவர் தூங்குமூஞ்சி என்றனர். இரு சாராரும் ஒரே செயலைக் கண்டே பெயரிட்டிருக்கின்றனர். ஐந்து மணி என்று பெயர் வைத்த காலத்துக் கடிகாரம் வேறு. அதன்பின் இந்நாட்டுக் கடிகாரத்தைப் பலமுறை முன்தள்ளிவிட்டார்கள். மரம் மட்டும் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை.

தூங்கும் என்று ஒரு சொல்லில் விடை கூறிப் பையனை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். ஆயினும் அக்கேள்வி நமக்குப் புதியதன்று. அதே கேள்வியை நாமே ஒருமுறை ஏளனமாகக் கேட்டிருக்கிறோம். கேட்டது நம்மைப் பெற்ற தாயிடம்.

நம் அன்னையார் ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் நகருக்கு அருகேயிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால் வெட்டியவர், எழுத்தறியாதவர். லயத்து வாசலில் ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு மருதாணிச் செடியும் வளர்த்து வந்தார். அந்தி மயங்கியபின், குழம்பு தாளிக்க ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் பறிக்க விடமாட்டார். “பொழுது சாஞ்சாச்சு. அது தூங்குது. கையை வைக்காதே” என்பார். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த பழக்கங்களுள் இதுவும் ஒன்று. நேயர்களின் வீடுகளிலும் இதனைக் கேட்டிருக்கக்கூடும்.

நமக்குப் பதினேழு வயதானபோது, 1974-ஆம் ஆண்டில், தோட்டத்து இளைஞர் சிலர் கூடிப் படிப்பகம் ஒன்று நடத்தினோம். சீர்திருத்த நூல்கள் நாலைந்தைப் படித்தவுடன் உலகத்து மூடநம்பிக்கைகளையெல்லாம் அடுத்த தீபாவளிக்குள் ஒழித்துவிடலாம் என்ற ஊக்கம் எங்களுக்கு உண்டாயிற்று. பாலத்தருகேயிருந்த புளியமரத்தில் பேய் இல்லை என்று நிறுவுவதற்காக ஓரிரவு முழுதும் அதனடியில் பாய் விரித்துப் படுத்தோம். கொசுக்கடியன்றி வேறொரு துன்பமும் நேரவில்லை. இராக்காலத்தில் மரம் விடும் கரியமிலவாயுவால் மூச்சு முட்டும் என்று படித்தவர் சிலர் கூறினர். மரமும் நம்மைப்போல் மூச்சுவிடுவது உண்மையே. திறந்த வெளியில் படுத்திருப்பவரைத் திணறடிக்கும் அளவுக்கு அது விடுவதில்லை.

அந்த வேகத்தில் அன்னையாரின் சொல்லையும் மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தோம். “மரத்துக்குக் கண் இருக்கிறதா, மூடித் தூங்க?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டோம். அவர் மறுமொழி கூறவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழவேண்டியவருக்கு வாதாட நேரம் ஏது?

புளியமரத்தடியில் படுத்த அன்று விளக்கைத் தூக்கி மேலே பார்த்திருப்போமாயின், அம்மரத்தின் இலைகளும் இணையிணையாக மடிந்து தொங்குவதைக் கண்டிருப்போம். ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்குமுன், அலெக்சாந்தரின் கடற்படையோடு சென்ற ஆந்திரோஸ்தனிஸ் என்னும் கிரேக்கர், பாரசீக வளைகுடாத் தீவொன்றில் இரவில் இலைகளை மூடிப் பகலில் திறக்கும் மரத்தைக் கண்டு குறித்துவைத்தார். அது புளியமரமே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் கண்டதை, புளியமரத்தடியிலேயே படுத்திருந்த நாங்கள் காணவில்லை. நாங்கள் பேயைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டே இன்னொரு நிகழ்ச்சி நடந்தது. தோட்டத்து முனியாண்டி கோயிலின்மேல் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் கவிந்திருந்தது. அதன் கிளைகளில் ஒட்டிக்கொண்டு ஒருவகை ஆர்க்கிட் செடி செறிந்து வளர்ந்திருந்தது. புறா ஆர்க்கிட் என்று அதனைச் சொல்வர். பக்கத்திலிருந்து பார்த்தால் பூ பறக்கும் வெண்புறாவைப் போலிருக்கும். பல வாரங்கள் ஒரு பூவும் இராது. திடீரென்று ஒருநாள் காலையில் கிளை முழுதும் வெண்மை படர்ந்து, மணம் லயம் வரையில் வரும். அன்று மாலைக்குள் எல்லாம் வாடிவிடும். கோயில் மரத்தில் மட்டுமன்று, துரை பங்களா மரத்திலும், நகரத்துக்குச் செல்லும் சாலை மரங்களிலும் அதே நாளில் அவ்வாறே பூத்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை இப்படி நேர்ந்தபோது, பூசாரி அதைச் சாமி இறங்கிய குறியென்று அறிவித்தார். உண்டியலும் சற்றுக் கனத்தது.

குளுவாங்கில் பழைய புத்தகக் கடை ஒன்றில் அகப்பட்ட ஆங்கிலத் தோட்டக்கலை நூலிலிருந்து எங்களுக்கு விடை கிடைத்தது. இச்செடியின் மொட்டு ஓரளவு வளர்ந்தபின் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு உறங்கிக் கிடக்கும். வெயில் எரிக்கும் பகலில் திடீரென இருண்டு பெருமழை கொட்டும்போது, சில நிமிடங்களில் வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கிவிடும். அந்தக் குளிர்ச்சிதான் மொட்டை எழுப்பும் கட்டளை. அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் பூ விரியும். ஜாவாவில் கோஸ்டர் என்னும் டச்சுத் தாவர அறிஞர் 1920-களிலேயே இதனை ஆராய்ந்து கூறியிருக்கிறார். ஒரு மழை ஊர் முழுதும் பெய்வதால் ஊர் முழுதும் ஒரே நாளில் பூக்கிறது. பூக்கள் சேர்ந்து விரிந்தால்தான் வண்டுகளும் தேனீக்களும் ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்க இயலும். தனித்து ஒருநாள் பூத்து வாடும் பூவுக்குத் துணை கிடைக்காது.

ஒரு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மழை நாட்களையும் பூ நாட்களையும் எழுதிவந்தோம். மூன்று தடவை ஒன்பதாம் நாள் தவறாமல் பூத்தது. ஒரு தடவை மழை பெய்தும் பூக்கவில்லை. அன்று விடியற்காலையிலிருந்தே மந்தாரமாகத் தூறிக்கொண்டிருந்ததால், திடீரென்று குளிர்வதற்கு வெயிலே இருக்கவில்லை. நான்காம் தடவை நாளை முன்கூட்டியே படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதிவைத்தோம். சொன்ன நாளில் பூத்தது. பூசாரி எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

வெற்றிக் களிப்போடு இதனை அன்னையாரிடம் விளக்கினோம். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு, “குளுருறது செடிக்குத் தெரியுது. இருட்டுறது மட்டும் தெரியாதோ?” என்றார்.

நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அன்றுதான். படித்தவற்றை இங்கே சொல்வோம்.

1729-ஆம் ஆண்டில், பிரஞ்சு வானநூல் அறிஞர் தெ மைரான் ஓர் எளிய சோதனை செய்தார். நம் பிள்ளைகள் தோட்டத்துப் பாதையில் தொட்டுத் தொட்டு விளையாடும் தொட்டாற்சுருங்கியைப் போன்ற ஒரு செடியை வெளிச்சமே புகாத இடத்தில் வைத்தார். சூரியனைக் காணாமலிருந்தும் அச்செடி காலையில் இலையை விரித்தது, மாலையில் மூடிக்கொண்டது. செடிக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதற் சான்று இதுவே. ஆனால் அக்கடிகாரத்தைத் தொடர்ந்து இருட்டில் விட்டுவைத்தால் சில நாட்களில் நேரம் பிசகிவிடும். ஒவ்வொரு நாளும் விடியலும் அந்தியும் வந்து அதனைச் சரிப்படுத்துகின்றன. இலை மடியும் வித்தையோ தண்ணீரால் ஆவது. ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசிய உப்பு வெளியேற, அதைப் பின்பற்றி நீரும் வெளியேறும், அப்பக்கம் தளர, மறுபக்கம் நீர் ஏறிப் பருக்கும், இலை மடியும்.

இது உறக்கமா என்று நேயர்கள் கேட்கலாம். நம் உறக்கத்தைப் போன்றதன்று. இரவில் மரம் பல வேலைகளைச் செய்கிறது. பகலில் இலைகள் சேர்த்த மாவுப் பண்டத்தைச் சருக்கரையாக்கி உடலெங்கும் அனுப்புகிறது. ஆயினும் இருட்டு வருவதை அது அறிகிறது, அறிந்து தன் நடையை மாற்றிக்கொள்கிறது என்ற அளவில், எழுத்தறியாத அன்னையார் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை. கறிவேப்பிலையை மாலையில் பறித்தால் பாவம் வரும் என்பதை மட்டும் நாம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கண் எங்கே என்ற கேள்விக்கும் விடை உண்டு. சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிசும் புல்லின் இளமுளைகளை ஒரு பக்கத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தனர். முளையின் நுனிக்கு மட்டும் சிறு குல்லாய் போட்டு மறைத்தால், அது வெளிச்சத்தை நோக்கி வளையாமல் நேரே வளர்ந்தது. நுனியைத் திறந்துவிட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தபோது வளைந்தது. பார்ப்பது நுனி, வளைவது அதற்குக் கீழே. 1880-இல் வெளியான தம் நூலில் அவர்கள் இதனை எழுதினர். நம் லயத்துக் கறிவேப்பிலை இறவாணத்தின் நிழலைவிட்டு வாசற்பக்கம் சாய்ந்து வளர்ந்த காரணமும் இதுதான்.

நீல ஒளியை உணரும் பொருள்கள் சில, சிவப்பு ஒளியை உணரும் பொருள்கள் சில, இலையெங்கும் தண்டெங்கும் பரவியிருக்கின்றன. சிவப்பை உணரும் நிறமிக்குப் பைட்டோகுரோம் என்று பெயர். அமெரிக்க விவசாய இலாக்காவின் பெல்ட்சுவில் ஆராய்ச்சி நிலையத்தார் 1959-இல் அதனைக் கண்டறிந்து வெளியிட்டனர். சிவப்பு ஒளி பட்டால் அது விழித்த நிலைக்கு மாறும். இருளில் மெல்ல மெல்ல உறங்கும் நிலைக்குத் திரும்பும். இதில் நமக்கு மிக்க வியப்பளித்த செய்தி அண்மையில் வந்தது. அந்நிறமி உறங்கும் நிலைக்குத் திரும்பும் வேகம் இரவின் வெப்பத்தைப் பொறுத்தது. புழுக்கமான இரவில் விரைவாகவும், குளிர்ந்த இரவில் மெதுவாகவும் திரும்புகிறது. ஆகவே எந்தப் பொருளால் செடி ஒளியைக் காண்கிறதோ, அதே பொருளால் வெப்பத்தையும் அளக்கிறது. கண்ணும் தோலும் ஒன்றாக இருப்பதுபோன்ற அமைப்பு இது. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு களைச்செடியை ஆராய்ந்த இரு குழுவினர் 2016-இல் ஒரே காலத்தில் இதனை வெளியிட்டனர். இருட்டையும் குளிரையும் ஒரே மூச்சில் சேர்த்துக் கேட்ட அன்னையாரின் வினா அச்செய்தியைப் படித்தபோது நம் செவியில் மீண்டும் ஒலித்தது.

இனி அன்னையாரின் விழிப்புக்கு வருவோம். தோட்டத்தில் பிறந்த நேயர்களுக்கு அந்த விடியற்காலையை வருணிக்க வேண்டுவதில்லை. நான்கு மணிக்கு எழுந்து, சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பேர் கூப்பிட்டு முடிந்ததும் இருட்டிலேயே காட்டுக்குள் நடக்க வேண்டும். சிறுவயதில் நாம் இதனைத் துரைமாரின் கொடுமை என்றே எண்ணியிருந்தோம். கொடுமை இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டோம். ஆனால் அந்த நேரத்தைக் குறித்தவர் துரையல்லர், குறித்தது இலை.

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு துளைக்கும் இரு கதவுகள். விடியலின் நீல ஒளி பட்டதும் கதவுகள் திறக்கும். காற்று உள்ளே புகும். அதே வழியாக நீராவி வெளியே போகும். வெயில் ஏற ஏற மரம் வேரால் உறிஞ்சும் நீரைவிட இலையால் இழக்கும் நீர் மிகுதியாகிறது. அப்போது பட்டையிலுள்ள பால்குழாய்களிலும் இறுக்கம் குறையும். இரவிலோ துளைகள் மூடியிருக்கும். வேர் நீரை ஏற்றிக்கொண்டேயிருக்கும். பால்குழாய்கள் விம்மி நிற்கும். மலாயா ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் 1960-களில் இதனை அளந்தபோது, விடியுமுன் அந்த இறுக்கம் காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலிருந்தது. மோட்டார் வண்டியின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்று இரண்டு மடங்கு அளவினதே. அவ்வளவு விம்மலோடு நிற்கும் பட்டையில் உளி பட்டால் பால் தாரையாக ஓடும். பத்து மணி வெயிலில் அதே மரத்தை அதே கை வெட்டினால் அவ்வளவு வராது.

அன்னையாருக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம். முதல் மரத்தை விளக்கொளியில் வெட்டுவார். கடைசி மரத்தை வெட்டும்போது முதுகில் வெயில் சுடும். அவருடைய நிரை கிழக்கு நோக்கிய மேட்டுச் சரிவில் இருந்தது. மற்ற நிரைகளுக்கு முந்தி அங்கே வெயில் விழும். கடைசி நூறு மரத்தின் மங்குகள் எப்போதும் சற்றுக் குறைவாகவே நிரம்பும். அவர் ஓட்டமும் நடையுமாய் வெட்டியதன் காரணம் நமக்குப் பிற்காலத்தில்தான் விளங்கிற்று. அவர் மரத்து இலைகளோடு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தார். கூலியோ பாலின் எடையைப் பொறுத்தது.

1968-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வோராண்டும் பிப்ரவரி வந்துவிட்டால் ரப்பர்க் காடு நிறம் மாறும். பச்சை மஞ்சளாகும்; மஞ்சள் செம்பாகும்; பிறகு ஒரு காற்றுக்கு ஆயிரமாயிரமாய் உதிரும். நிழலே விலகாத காட்டுக்குள் திடீரென வெயில் புகுந்து தரையெல்லாம் சருகு நொறுங்கும். சில வாரங்களில் செம்பு நிறத்துக் கொழுந்துகள் துவண்டு தொங்கும். அவற்றோடு மஞ்சள் நிறச் சிறு பூக்கள் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். பார்க்க அழகான காலம். பால் வெட்டுவோருக்கு வயிற்றைப் பிசையும் காலம். பாலுக்கு மூலப்பொருள் இலை சமைக்கும் சருக்கரையே. இலையில்லாத மரம் பட்டையில் சேர்த்துவைத்ததை எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாளியில் பால் இறங்கிவிடும்.

அவ்வாண்டு வறட்சி கடுமையாயிருந்தது. அன்னையாரின் நிரை மேட்டுச் சரிவாதலால் மற்றவற்றுக்கு முந்தி மொட்டையாயிற்று. ஒருநாள் ஸ்டோரில் பால் நிறுத்த கிராணியார், எடை பாதியாகக் குறைந்திருப்பதைக் கண்டு முகம் சுளித்தார். மறுநாள் மண்டோர் வந்து பட்டையைப் பார்த்தார். “பக்கத்து நிரையில் பால் வருகிறது, உனக்கு மட்டும் வராதா? மேலாக வெட்டிவிட்டு ஓடுகிறாய்” என்றார். “மரம் கொழுந்து விடுதுங்க ஐயா. பால் அதுக்கே போதாது” என்று அன்னையார் சொன்னார். சொன்னது அத்தனையும் உண்மை. அதைச் சொல்லக்கூடிய இடத்தில் அவர் இல்லை. எடை ஏறாவிட்டால் நிரையை மாற்றிவிடுவதாக மண்டோர் மிரட்டிச் சென்றார்.

அதற்கடுத்த நாட்களில் அவர் ஆழமாக வெட்டினார். பால் சற்றுக் கூடியது. ஆனால் உளி ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனால், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவேயுள்ள உயிருள்ள படலம் அறுந்துவிடும். அவ்விடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். இதனைக் காயம் என்பர். பதினேழு மரங்களில் காயம் கண்டுபிடிக்கப்பட்டது. அபராதம் இரண்டு வெள்ளி. அன்றைய நிலையில் அது சிறு தொகையன்று. நமக்கு வாங்குவதாயிருந்த வெள்ளைச் சப்பாத்து அவ்வாண்டு வாங்கப்படவில்லை. அன்று இரவு அன்னையார் அழுததை நாம் பார்த்தோம். அபராதத்துக்காக அழுகிறார் என்று நினைத்தோம். “மரத்தைக் காயப்படுத்திட்டேன்” என்று அவர் அக்காளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி வந்தது என்று மரத்துக்கு யார் சொல்கிறார்கள்? குளிர்நாட்டு மரங்களுக்கு இது எளிய காரியம். அங்கே கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகலின் நீளம் பல மணி நேரம் வேறுபடும். அமெரிக்காவின் கார்னர், அல்லார்டு என்னும் இருவர், கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டேயிருந்த ஒரு புகையிலைச் செடியைப் பகலின் ஒரு பகுதியில் இருட்டறையில் வைத்துப் பூக்கச் செய்தனர். செடி பகலிரவின் நீளத்தை எண்ணுகிறது என்று 1920-இல் அவர்கள் உலகுக்கு அறிவித்தனர். நம் நாட்டிலோ எண்ணுவதற்கே ஒன்றுமில்லை போலத் தோன்றும். சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒன்பது நிமிடம். குளுவாங்கில் சுமார் கால்மணி.

ஆனால் மாறுவது வேறொன்று உண்டு. பகலின் நீளம் மாறாவிட்டாலும், சூரியன் எழும் நேரமும் விழும் நேரமும் சேர்ந்தே முன்பின்னாக நகர்கின்றன. பூமியின் அச்சுச் சாய்வும், அது சூரியனைச் சுற்றும் பாதை சரிவட்டமாக இல்லாமையும் இதற்குக் காரணம். சிங்கப்பூரில் நவம்பர்த் தொடக்கத்தில் 6.46 மணியளவில் எழும் சூரியன், பிப்ரவரி நடுவில் 7.17-க்குத்தான் எழுகிறது. போர்சர்ட் என்பாரும் அவர் கூட்டாளிகளும், வெப்பநாட்டு மரங்கள் இந்த நகர்ச்சியைக் கொண்டே காலமறிந்து ஒருமிக்கப் பூக்கின்றன என்று 2005-இல் எழுதினர். 2007-இல் மலேசிய ரப்பர் ஆராய்ச்சியாளர் யாங் ஹூங் யீட் வேறொரு கருத்தை வெளியிட்டார். சூரியன் நம் தலைக்கு நேரே வருவது மார்ச்சிலும் செப்டம்பரிலும். அம்மாதங்களையொட்டி வெயிலின் உக்கிரம் உச்சம் அடைகிறது. ரப்பர் மரம் ஆண்டுக்கு இருமுறை, முதன்முறை மிகுதியாகவும் இரண்டாம் முறை குறைவாகவும், பூப்பது அந்த உக்கிரத்தை உணர்ந்தே என்பது அவர் கருத்து. அறிஞர்கள் இதுபற்றி வாதாடட்டும். இலையுதிர்வில் வறட்சிக்கும் பங்குண்டு; பிப்ரவரியில் மழை விடாமல் பெய்தால் காடு ஒருமிக்க உதிராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக உதிர்வதைப் பால் வெட்டியவர் எல்லாரும் அறிவர். எங்ஙனமாயினும், கிராணியின் தராசுக்கோ மண்டோரின் கண்ணுக்கோ அகப்படாத ஒரு கணக்கின்படி மரம் நடந்துகொண்டிருந்தது என்பதில் ஐயமில்லை.

2008-ஆம் ஆண்டில் இச்செய்திகளை அன்னையாருக்குப் படித்துக் காட்டினோம். அப்போது அவர் நம்மோடு சிங்கப்பூரில் இருந்தார், வயது எழுபத்துமூன்று. சூரியன் பிப்ரவரியில் தாமதித்து எழுகிறது என்றதும் அவர் இடைமறித்தார். “இதுக்குப் புத்தகம் எதுக்கு? மாசியில கார்பைடு சீக்கிரம் தீந்துடும். விளக்கு கூட நேரம் எரியணுமில்ல?” என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகள் நெற்றியில் அந்த விளக்கைக் கட்டியவர் அவர். நாமோ அதுவரை பிப்ரவரியின் விடியலை ஒருமுறையாவது கவனித்தவரல்லோம்.

பிறகு வெயிலின் உக்கிரத்தைப் பற்றியும், கொழுந்து விடும் மரத்தில் பால் ஏன் குறைகிறது என்பதைப் பற்றியும் சொன்னோம். நெடுநேரம் பேசாமலிருந்தார்.

“அப்ப நான் சொன்னதுதானே?”

“ஆமாம் அம்மா. நீங்கள் சொன்னதுதான்.”

“அந்த ரெண்டு வெள்ளி?”

நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. அந்த மண்டோர் எப்போதோ காலமாகிவிட்டார். தோட்டமும் செம்பனைக்கு மாறி, பிறகு பாதி வீடுகளாகிவிட்டது. மேட்டுச் சரிவை வெட்டித் தட்டையாக்கி வீதி போட்டிருக்கிறார்கள். அன்னையார் 2014-இல் நம்மைவிட்டுப் பிரிந்தார்.

பேரனுக்கு இவ்வளவையும் ஒரே மாலையில் சொல்லவில்லை. அவன் பொறுமைக்கு அது மிகுதி. தூங்குமூஞ்சி மரத்தின் இரண்டாவது கிளையில் ஒட்டியிருக்கும் புறா ஆர்க்கிட்டை மட்டும் காட்டினோம். மழை, குளிர்ச்சி, ஒன்பது நாள் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. உண்மையா என்று மூன்றுமுறை கேட்டான். நம்ப வேண்டாம், நீயே எண்ணிப்பார் என்றோம். இம்மாதம் பதினான்காம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு, சுட்டெரித்த வெயிலின் நடுவே வானம் கருத்துப் பெருமழை கொட்டிற்று. இருபத்துமூன்றாம் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறான். அன்று காலை பள்ளிக்குப் போகுமுன் தன்னை எழுப்ப வேண்டும் என்பது அவன் கட்டளை.